மவுண்ட் ரோடு மழையைத் தேடிச் சேரப்பணஞ்சேரிக்கு

முதல் நாளே தவறான பேருந்தில் ஏறினேன். ஒரகடம் கூட்டுரோட்டில் நின்றிருந்தபோது வெள்ளை வண்டி ஒன்று வந்து நின்றது. கூட்டத்தோடு கூட்டமாக நானும் ஏறிவிட்டேன். மலேசியாவில், எங்கள் பினாங்கில், பேருந்தின் நெற்றியில் எண் ஒளிரும், ஏறியதும் அட்டையைத் தட்டினால் வேலை முடிந்தது. இங்கே எண்ணும் இல்லை, தட்ட எதுவும் இல்லை, நடத்துநரும் இல்லை. ஏறியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி நீலச் சட்டை போட்டிருப்பதைக் கவனித்தபோது வண்டி நகர்ந்துவிட்டது.

பக்கத்திலிருந்த பெண் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, நீங்க எந்த லைன்?"

"லைன் எல்லாம் இல்லம்மா. நான் சேரப்பணஞ்சேரிக்குப் போகணும்."

"ஐயோ, இது கம்பெனி பஸ் ஆன்ட்டி! செகண்ட் ஷிப்ட்டு!"

வண்டியே சிரித்தது. பின்னிருக்கையில் இரண்டு பேர் இந்தியில் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். இந்திப் படங்கள் பார்த்த பழக்கத்தில் பாதி புரிந்தது. "இந்த வயதில்கூட வேலைக்கு எடுக்கிறார்கள் என்றால் நம் வேலை எங்கேயும் போகாது" என்றான் ஒருவன். தொழிற்சாலை வாசலில் இறக்கிவிட்டார்கள். காவலாளி நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, ஷேர் ஆட்டோ ஒன்றை அவரே கைகாட்டி நிறுத்தி ஏற்றிவிட்டார்.

வழி முழுக்க மடியில் ஒரு பெட்டியை அணைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே சிறிய ரெக்கார்டு பிளேயர், துடைக்க மென்துணி, இசைத்தட்டுகளை வைத்துப் படம் எடுக்கச் சாம்பல் நிற அட்டை. நான் பள்ளியில் இசை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். பழைய ஜாஸ் தட்டுகளைச் சேர்க்கிறேன். சாக்ஸபோன், டிரம்பெட், டிரம்ஸ் எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய குழு ஓட்டலின் நடனக் கூடத்தில் வாசிக்கும் இசை. அந்தக் காலத்தில் பினாங்கிலும் ரங்கூனிலும் மெட்ராஸிலும் அப்படிப்பட்ட குழுக்கள் இருந்தன. நம் ஆட்களும் அவற்றில் வாசித்தார்கள். அவர்களுடைய தட்டு கிடைத்தால் லேபிளைப் படம் எடுத்து, ஒலியைக் கணினியில் ஏற்றி, யார் வாசித்தார், யார் பாடினார் என்று விசாரித்து எழுதி இணையத்தில் வைப்பேன். கேட்க வருகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இருந்தாலும் செய்கிறேன்.

எங்கள் ஊர்ப் பழைய பொருள் சந்தையில் ஒரு பெட்டியின் அடியில் கிடைத்தது அந்தத் தட்டு. 'மூன்லைட்டர்ஸ்' என்ற மெட்ராஸ் குழு. பாட்டின் பெயர் 'ரெய்ன் ஆன் மவுண்ட் ரோடு'. சாக்ஸபோன் ஞானப்பிரகாசம் என்று லேபிளில் போட்டிருந்தது. பாடியவர் பெயர் வெறும் 'ரோஸ்'. ஆங்கிலப் பாட்டுதான். ஆனால் 'ரோடு' என்று அவள் இறங்குகிற இடத்தில் அந்தக் கடைசி 'டு' நம் வாயிலிருந்து மட்டுமே வரக்கூடியது. சிரித்துக்கொண்டே பாடுகிற மாதிரி இருக்கும். ரோஸ் யார் என்று தெரிந்துகொள்ளாமல் அந்தப் பக்கத்தை மூட எனக்கு மனமில்லை. சென்னையில் தட்டு சேர்க்கும் நண்பர் ஒருவர் விசாரித்து, ஞானப்பிரகாசத்தின் மகள் ஸ்டெல்லா சேரப்பணஞ்சேரியில் மெஸ் நடத்துகிறார் என்று கண்டுபிடித்துச் சொன்னார். அதனால்தான் இந்தப் பயணம்.

ஸ்டெல்லாவுக்கு என் வயதுதான், அறுபதைத் தாண்டியவர். கீழே மெஸ்ஸும் அவருடைய அறையும். மேலே இரண்டு மாடி முழுக்கத் தொழிற்சாலைப் பையன்களுக்கு வாடகைக்கு விட்ட அறைகள். கைப்பிடிச் சுவர் முழுக்க நீலச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"வாங்க டீச்சர். இன்னா வெயிலு பாத்தீங்களா. மோர் கீது, குடிக்கிறீங்களா?" என்றவர், நான் பேசியதைக் கேட்டுவிட்டு, "நீங்க பேசறது சிலோன்காரங்க மாதிரி கீதே" என்றார். சென்னையில் இறங்கியதிலிருந்து எல்லோரும் இதையே சொல்கிறார்கள். மலேசியாவிலும் தமிழ் பேசுகிறோம் என்பதை நானும் சளைக்காமல் எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இட்லியும் வடகறியும் வைத்தார். எங்கள் ஊரில் ரொட்டி சானாய் என்கிற பரோட்டாவுக்கு ஊற்றுகிற பருப்புக் குழம்பை நான் பெருமையாகப் பேசுவேன். வடகறியைச் சாப்பிட்ட பிறகு பேசவில்லை.

சாப்பிட்டதும், மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்த ஸ்டெல்லாவிடம், "உங்க அப்பா வாசிச்ச பாட்டு, போன்ல வச்சிருக்கேன்" என்றேன்.

"போடுங்க, கேட்டுகினே அரைக்கிறேன்."

சாக்ஸபோன் ஆரம்பித்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அப்பாவை அவருக்கு அதிகம் நினைவில்லை. இவருடைய சின்ன வயதிலேயே இறந்துவிட்டாராம். பிறகு ரோஸ் பாட ஆரம்பித்தாள். ஸ்டெல்லாவின் கை மிக்ஸியை நிறுத்தியது. பாட்டு முடியும்வரை அப்படியே நின்றார்.

"மறுபடி போடுங்க."

மறுபடி போட்டேன்.

"இது எங்கம்மா" என்றார்.

எனக்குச் சட்டென்று நம்பிக்கை வரவில்லை. இந்த மாதிரி தேடிப்போகிற வீடுகளில் எல்லோருக்கும் தங்கள் ஆளாக இருக்க வேண்டும் என்ற ஆசை இருக்கும். எங்கள் நாட்டில் ஈப்போ என்ற ஊரில் ஒருவர், பாடுவது தன் அத்தை என்று சத்தியம் செய்தார். அந்தத் தட்டில் பாடியது ஆண்.

"அம்மா பேரு?"

"ரோசம்மா. ஆனா எங்கம்மா பாடும்னு சொன்னா இந்த ஊர்ல நாய்கூட நம்பாது டீச்சர். கோயில்ல பூசைக்குக்கூட வாய தொறக்காது. வூட்ல ரேடியோ வைக்க வுடாது. நான் எதுனா முணுமுணுத்தா ஒரு பார்வை பாக்கும், அவ்ளோதான்." கையைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்து உட்கார்ந்தார். "அந்தக் கடைசில ரோடுன்னு சொல்லிச்சே, என்னை ஸ்டெல்லான்னு கூப்புடும்போது அப்டியேதான் மேல தூக்கி எறக்கும். வேற யாரும் அப்டி கூப்புட்டதில்ல."

ஓட்டலில் பாடியவள் என்று தெரிந்தால் ஊர் என்ன சொல்லுமோ என்ற பயமா, கணவரோடு ஏதாவது மனத்தாங்கலா என்று கேட்டேன். ஸ்டெல்லாவுக்குத் தெரியவில்லை. "கேக்கணும்னு தோணுனதே இல்ல. பாடத் தெரியும்னு தெரிஞ்சாத்தானே ஏன் பாடலன்னு கேப்போம்" என்றார்.

இரண்டாம் நாள் தட்டுகளைக் காட்டினார். அப்பா விட்டுப்போனவை. கீழே அலமாரியில்தான் இருந்தனவாம். மாடி கட்டி வாடகைக்கு விட்டபோது இடம் போதாமல் மொட்டை மாடியில் தகரக்கூரை போட்ட அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். அந்தக் காலத்துத் தட்டு அரக்கில் செய்தது, வெயில் தாங்காது. எத்தனை கோடைகள் அந்தத் தகரத்துக்கு அடியில் கிடந்தனவோ, ஒவ்வொன்றும் கல்லில் ஓரம் தூக்கிய தோசை மாதிரி இருந்தது. லேசாக வளைந்திருந்தால் இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்துப் பொறுமையாக நிமிர்த்தலாம். இவற்றில் வெடிப்பும் விழுந்திருந்தது.

மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தேன். லேபிள்கள் மட்டும் தெளிவாக இருந்தன. எல்லாம் மூன்லைட்டர்ஸ். நான் இதுவரை கேள்விப்பட்டிராத பாட்டுகள். பெரும்பாலானவற்றில் ரோஸ், ரோஸ் என்று போட்டிருந்தது. சாம்பல் அட்டையில் வைத்து ஒவ்வொன்றையும் இரண்டு முறை படம் எடுத்தேன். உலகத்தில் வேறு பிரதி இருக்கும் என்று தோன்றவில்லை. சில வருடங்கள் முன்னால் வந்திருந்தால் இதில் பாதியாவது பாடியிருக்கும். அந்தச் சந்தைத் தட்டை வாங்கியதிலிருந்து, அடுத்த வருடம் அடுத்த வருடம் என்று நானும்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

கொஞ்சம் பரவாயில்லை என்று தெரிந்த ஒன்றை பிளேயரில் வைத்தேன். முள் ஏறி இறங்கி, ஒரு மூச்சு நேரம் சாக்ஸபோன் கேட்டது. பிறகு வெடிப்பில் மாட்டி, சறுக்கி, வெளியே வந்துவிட்டது. இன்னொரு முறை முயற்சி செய்தால் முள் தட்டையே கிழித்துவிடும் என்று எடுத்துவிட்டேன்.

"பாட்டு வர்லியா?" என்றார் ஸ்டெல்லா.

"இல்ல. வராது."

அவர் தட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "குப்பைக்காரன் வந்தா குடுத்துட சொல்லி எங்க வூட்டுக்காரர் சொல்லிகினே இருந்தாரு. அப்பா ஞாபகமா இருக்கட்டும்னுதான் வச்சேன். அம்மாவும் அதுல கீதுன்னு அப்போ தெரியாது." தட்டைத் திரும்ப வைத்துவிட்டு, யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்: "சாவறதுக்கு முந்தி, கடைசி வருசத்துல அம்மா பாட ஆரம்பிச்சிது டீச்சர்."

நான் நிமிர்ந்தேன்.

"புத்தி தடுமாறிப்போச்சி. என்னையே சில நேரம் அடையாளம் தெரியாது. கட்டில்ல படுத்துகினு ஏதோ இங்கிலீசு மாதிரி பாடும். உளறுதுன்னு நெனச்சோம்."

"என்ன பாட்டுன்னு ஞாபகம் இருக்கா? இந்த லேபிள்ல இருக்கிற பேர் ஏதாவது?"

"எனக்கு எங்க ஞாபகம்? காலையில நூறு இட்லி, மத்தியானம் சாப்பாடு. காதுலயே வாங்கல." யோசித்தார். "மேல ரூம்ல மாரியப்பன்னு ஒரு பையன் இருந்தான், சங்கரன்கோவில் பக்கம். நைட் ஷிப்ட். அவன் கட்டில் சரியா அம்மா ரூமுக்கு மேல. பாட்டு சத்தத்துல தூக்கம் வரலன்னு அவன்தான் வந்து வந்து சொல்லுவான். ஒருவேளை அவனுக்கு ஞாபகம் இருக்கும். இப்போ கல்யாணமாகி தண்டலத்துல கீறான். ஞாயித்துக்கெழம லீவு."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இருவரும் ஷேர் ஆட்டோவில் கிளம்பினோம். ஆறு பேர் உட்காரும் இடத்தில் பத்துப் பேர். எதிரே புத்தம் புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு ஒரு நீள டிரெய்லர் வளைய முடியாமல் சாலையை அடைத்து நின்றது. அதன் மேல் இருந்த கார் ஒவ்வொன்றிலும் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை; கீழே நாங்கள் ஒருவர் மடியில் ஒருவர். ஓட்டுநர் எதிர்ப்பக்கத்தில் ஏற்றப் பார்த்தார். "யோவ், எங்கள நேரா மேலோகத்துல எறக்கிவுடப் போறியா?" என்று ஸ்டெல்லா போட்ட சத்தத்தில் வண்டியைப் பின்னுக்கு எடுத்து, ஒழுங்காகக் காத்திருந்தார். ஸ்டெல்லாவின் குரல் அந்த இரைச்சலையும் தாண்டி எடுப்பாகக் கேட்டது. ஒரு இசை ஆசிரியையாக அதைக் கவனித்தேன், சொல்லத் தோன்றவில்லை.

மாரியப்பனுக்கு முப்பது வயது சொல்லலாம். ஒற்றை அறையும் சமையலறையும். இடுப்பில் பெண் குழந்தை. அவர் மனைவி இசக்கியம்மாள் டீயும் தட்டு நிறையக் கடலைமிட்டாயும் கொண்டுவந்து வைத்தார். எங்கள் ஊரிலும் கடலைமிட்டாய் கிடைக்கும், சீனர்கள் எள் போட்டுச் செய்வார்கள். இது கருப்பட்டியில் செய்தது, பல்லில் ஒட்டியது.

ஸ்டெல்லா விஷயத்தைச் சொன்னதும் மாரியப்பன் முகம் சுருங்கிவிட்டது.

"ஆச்சி பாட்டா? அக்கா, அப்பம் நான் சின்னப்பய. ராத்திரி பூரா லைன்ல நின்னுட்டு வந்து படுத்தா கண்ணு மூட விடாம கேக்கும். கோவத்துல உங்ககிட்ட என்னல்லாமோ பேசிட்டேன். மனசுல வச்சிக்கிடாதிய."

"அத வுடுடா. அது இன்னா பாடுச்சின்னு ஞாபகம் கீதா?"

"இங்கிலீஷ் பாட்டு. அவ்வளவுதான் தெரியும்." குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டுத் தயங்கினார். "ஒண்ணு சொல்லுதேன், கோவப்படக்கூடாது. ஒரு நாள் அதைப் போன்ல வீடியோவா எடுத்து வச்சேன். எவ்வளவு சத்தம் கேக்குன்னு உங்ககிட்ட போட்டுக் காட்டணும்னு. பொறவு சங்கடமா இருந்துச்சு, காட்டல. அந்தப் போன் போச்சு. ஆனா படமெல்லாம் மெயில்ல ஏறிக்கிடக்கும்லா, பாக்கேன்."

தேடினார். கல்யாணப் படங்கள், வளைகாப்பு, ஊர்த் திருவிழா, பழைய அறை நண்பர்கள் என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தார். நாங்கள் மூன்று பெண்களும் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். கிடைத்தது.

படத்தில் ஒன்றும் இல்லை. வெயிலடிக்கும் ஜன்னலும் ஒரு கொடியும். மின்விசிறி இரைச்சல். அதற்குக் கீழே, தரைக்கு அடியிலிருந்து வருவதைப் போல, ஒரு கிழவியின் குரல். நடுக்கம் இருந்தது. ஆனால் சுருதி விலகவில்லை. எனக்குத் தெரிந்த மவுண்ட் ரோடு பாட்டு அல்ல அது, வேறு மெட்டு. ஒரு வரி மேலே ஏறிப்போய் நின்றது. அடுத்த வரி தொடங்கியது. அந்த இடத்தில் சிரித்துக்கொண்டே பாடுகிற அதே ரோஸ். எனக்கு இருந்த சந்தேகமெல்லாம் போய்விட்டது.

அப்போது அந்தக் குரலின் மேலேயே இன்னொரு குரல் விழுந்தது.

"யம்மா! வாய மூடிகினு கெட மாட்ட? பசங்க தூங்க வாணாம்? சனியன் மாதிரி எந்நேரமும்!"

கிழவி பாடிக்கொண்டேதான் இருந்தாள், இந்தக் குரல் கத்திக்கொண்டே இருந்தது. பிறகு பாட்டு நின்றது. சின்னதாக, "சரிம்மா" என்று கேட்டது. அதற்கப்புறம் மின்விசிறி மட்டும்.

இசக்கியம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். மாரியப்பன் போனைக் கவிழ்த்து வைத்தார். "அன்னைக்கே அழிச்சிருக்கணும்க்கா" என்றார்.

ஸ்டெல்லா தலையை ஆட்டினார். "அழிக்காம வச்சியே, நல்லா இரு." புடவைத் தலைப்பால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "சரின்னு சொல்லிச்சி பாத்தியா. நான் யாருன்னே தெரியாத நேரத்துலயும் சரின்னுதான் சொல்லிச்சி."

டீ ஆறிப்போயிருந்தது. அதைக் குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

திரும்பும் ஆட்டோவில் ஓட்டுநர் இம்முறை எதிர்ப்பக்கத்திலேயே போனார்; ஸ்டெல்லா திட்டவும் இல்லை. இறங்கும்போது கேட்டார்.

"டீச்சர், கம்ப்யூட்டர்ல என் கொரல மட்டும் எடுத்துட முடியுமா? அம்மா பாடுறது மட்டும் இருந்தா போதும்."

இப்போது அதற்கெல்லாம் மென்பொருள் இருக்கிறது, முடிந்தவரை பார்க்கிறேன் என்றேன். மறுநாள் கிளம்பினேன். வளைந்த தட்டுகளை என்னிடமே கொடுத்துவிடப் பார்த்தார்; வேண்டாம், இனிமேல் கீழ் அறையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, நான் கொண்டுபோயிருந்த உறைகளில் போட்டுக் கொடுத்தேன். வழிக்கு என்று எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்தார். விமான நிலைய வாசலில் நின்றுகொண்டே சாப்பிட்டு முடித்தேன்.

பினாங்கில் ஒலிப்பதிவு செய்யும் நண்பர் ஒருவரிடம், மாரியப்பன் எனக்கு அனுப்பிவைத்த அந்த ஒலித்துண்டைக் கொடுத்தேன். மின்விசிறி இரைச்சலை எளிதாக எடுத்துவிட்டார். குரல்களைப் பிரிப்பதில்தான் சிக்கினார். பல முறை முயன்றார். ஸ்டெல்லாவின் குரலை எடுத்தால் ரோசம்மாவின் குரலும் கூடவே போனது. ரோசம்மாவை வைத்தால் ஸ்டெல்லாவும் வந்தார். "மென்பொருள் இரண்டையும் ஒரே ஆள் என்று நினைக்கிறது. அவ்வளவு ஒத்துப்போகிறது" என்றார். நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். கத்தலை மறந்துவிட்டுக் குரலை மட்டும் கேட்டால், ஆமாம், இருவருக்கும் ஒரே குரல்தான்.

ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். பின்னால் தட்டுகள் மோதும் சத்தம், யாரோ சட்னி கேட்கும் சத்தம். நடந்ததைச் சொன்னேன்.

"எங்கம்மா கொரலா எனக்கு?"

"ஆமா ஸ்டெல்லா. அதே குரல்."

சட்னி கேட்டவரைக் கொஞ்சம் இருக்கச் சொன்னார்.

"யாரும் சொன்னதில்லியே டீச்சர்" என்றார். "அது வாயத் தொறக்காத வூட்டுல நான் எங்க பாடிப் பாக்குறது. இப்போ தெரிஞ்சி இன்னா பண்ண." பிறகு, "அத வெட்ட வாணாம். எப்டி கீதோ அப்டியே போட்டுடுங்க. நடுவுல கத்துறது யாருன்னு ஜனங்க கேட்டா, அதயும் எழுதிடுங்க. மறைக்காதீங்க" என்றார். யாரோ மறுபடி கூப்பிட்டார்கள். வைத்துவிட்டார்.

மவுண்ட் ரோடு பாட்டின் பக்கத்தில் ரோசம்மா என்று முழுப் பெயரைச் சேர்த்தேன். அதன் கீழே இந்தத் துண்டை ஏற்றினேன். பாடியவர்: ரோசம்மா, முதுமையில். பாட்டின் பெயர்: தெரியவில்லை. குறுக்கே பேசுபவர்: மகள் ஸ்டெல்லா.